சூசைதாசனின் பனிச்சறுக்கு விசாரணை

வேலைக்கு நேர்முகம் கொடுக்கப் போகிறவர் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுபோக வேண்டுமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கார் ஓட்ட வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிய கதையாக, நானும் ஓம் என்றுவிட்டேன்.

சூசைதாசன் மன்னார் ஆள், ஐம்பத்தேழு வயது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கம், மோர்னிங்சைட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தில் அவர் ஒன்பதாம் தளம், நான் ஏழாம் தளம். இருபது வருடமாக ஒரே எலிவேற்றரில் ஏறி இறங்குகிறோம். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் மெஷினோடு நின்றவர். போன மார்ச் மாதம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் காலை ஆறு மணிக்கு இரும்பு முனை வைத்த சேஃப்டி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு பஸ் தரிப்புக்குப் போவார். பஸ் வரும். டிரைவர் கதவைத் திறப்பார். இவர் கையசைத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வருவார். பல்கனியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதை நான் தினமும் பார்ப்பேன்.

வீட்டில் அவர் சமையலறையை மேற்பார்வை பார்க்கும் போர்மன் ஆகிவிட்டார். மனைவி மக்டலீன் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அங்கே அவர் ஒரு கிழவரைக் குளிக்க வார்த்துக்கொண்டிருக்கும்போது போன் போகும்: ஃபிரிஜ்ஜில் இரண்டு ஊறுகாய்ப் போத்தல் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறது, இதற்கு யார் பொறுப்பு?

“ரத்தினண்ணை, நான் எத்தினை மணிக்கு உலை வைச்சனான், எத்தினை மணிக்கு இறக்கினனான் எண்டு கொப்பி போட்டு எழுதுறார்,” என்று மக்டலீன் ஒருநாள் என்னிடம் சொன்னார். “உவருக்கு ஒரு வேலை எடுத்துக் குடுங்கோ. இல்லையெண்டால் எனக்கு ஒரு வீடு எடுத்துத் தாங்கோ.”

சூசைதாசன் பதினொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. பன்னிரண்டாவது விண்ணப்பத்தை மகள் றஜிதா போட்டாள். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் பனிச்சறுக்கு மலை ஒன்று இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் அங்கே ஆட்கள் வேண்டுமாம். கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போகும் கதிரைகளில் சனத்தை ஏற்றி இருத்தவேண்டும். யாராவது விழுந்தால் சிவப்புப் பட்டனை அழுத்தி முழுவதையும் நிறுத்தவேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் சோபாவில் படுத்தபடி நாலு நிமிடத்தில் போனில் தட்டி அனுப்பினாள். அடுத்த நாளே பதில் வந்தது: சனிக்கிழமை மத்தியானம் நேர்முகம்.

எலிவேற்றரில் வைத்து இதைச் சொன்ன சூசைதாசன் குரலைத் தாழ்த்தினார். “இதுவும் இல்லையெண்டால், ரத்தினண்ணை, இனி ஒண்டுக்கும் போடமாட்டன். சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு இருந்திடுவன்.” சும்மா சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், சூசைதாசன் தன் வாழ்நாளில் வேலைக்கென்று ஒரு நேர்முகத்துக்கும் போனதில்லை. எங்கள் வயதுக்காரர் அனேகம்பேர் போனதில்லை. ஸ்காபரோவில் எங்களுக்கு வேலை கிடைத்த விதம் வேறு. மச்சானோ ஊர்க்காரனோ போர்மனிடம் கூட்டிக்கொண்டு போவான். போர்மன் முகத்தைப் பார்க்கமாட்டான், சப்பாத்தைப் பார்ப்பான். திங்கட்கிழமை வா என்பான். என் முதல் வேலைக்கு என் மச்சான் என்னைக் காட்டி “இவன்” என்றான், முடிந்தது.

இந்த நாட்டில் சூசைதாசன் முகம் கொடுத்த ஒரே நேர்முகம், தொண்ணூற்றிரண்டில் நடந்த அகதி விசாரணைதான். முதல் தரம் அவரை மறுத்துவிட்டார்கள். ஊரில் தன்னைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்த நாளை ஓரிடத்தில் பதினாலாம் திகதி என்றும் இன்னோரிடத்தில் பதினாறாம் திகதி என்றும் சொல்லிவிட்டார். அடி உண்மை, பயம் உண்மை, முதுகில் தழும்பு உண்மை. திகதி மட்டும் பிசகியது. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. நேர்முகம் என்றால், எங்களை நம்பக்கூடாது என்று முடிவெடுத்த ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார், கடதாசியைக் காட்டி அவரை நம்பவைக்க வேண்டும் என்பதுதான் அவர் விளங்கி வைத்திருந்தது.

ஆகவே அவர் நேரே அல்பேட்டிடம் போனார்.

அல்பேட் பக்கத்து ரூஜ் பகுதியில் மகன் வீட்டில் இருக்கிறார். எழுபது வயது. தொண்ணூறுகளில் அரைவாசி ஸ்காபரோவுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்தவர். இருபது வருடமாகச் சும்மா இருந்த மனிதரின் காதில் ‘நேர்முகம்’ என்ற சொல் விழுந்ததும் ஆள் பத்து வயது குறைந்துவிட்டார். வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் எல்லோரையும் தன் பேஸ்மென்ற்றுக்கு வரச்சொன்னார்.

கீழே ஒரு மேசை போட்டிருந்தது. மேசையில் தண்ணீர்ச் சாடியும் கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டியும் இருந்தன. அழுகை வந்தால் அடக்கவேண்டாம், ஆனால் அழுதுகொண்டு திகதி சொல்லக்கூடாது என்பது அல்பேட்டின் முதல் விதி. நான் விசாரணை அதிகாரி. றஜிதா மொழிபெயர்ப்பாளர்.

“அப்பாக்கு இங்கிலிஷ் தெரியும்தானே. வை டூ ஐ ஹாவ் டு ட்ரான்ஸ்லேற்?” என்றாள் அவள்.

“மொழிபெயர்ப்பு இருந்தால் ஒரு கேள்வியை ரெண்டு தரம் கேக்கலாம், பிள்ளை. யோசிக்க நேரம் கிடைக்கும்,” என்றார் அல்பேட்.

பழைய அகதி விசாரணைக் கேள்விகளைப் பனிமலைக்கு மாற்றி எழுதிய கேள்வித்தாள் ஒன்றை என் கையில் தந்தார். முதல் கேள்வியை வாசித்தேன். “உங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு என்ன நடக்கும்?”

“உயிருக்கு ஆபத்து,” என்றார் சூசைதாசன்.

“ஆரால?”

“மனுசியால.”

தேத்தண்ணித் தட்டோடு படியிறங்கி வந்த மக்டலீன், “அது உண்மைதான். நானே வந்து சொல்லுறன்,” என்றார். அல்பேட் உடனே கொப்பியில் ‘சாட்சி ஒன்று’ என்று குறித்துக்கொண்டார்.

இரண்டாம் கேள்வி: பக்கத்து மார்க்கம் நகரத்தில் எத்தனையோ வெயார்ஹவுஸ் இருக்க, அங்கே பாதுகாப்பாக வேலை செய்யாமல் ஏன் பனிமலைக்கு வந்தீர்கள்?

“உதைக் கட்டாயம் கேப்பினம்,” என்றார் அல்பேட். “கனபேர் உந்த இடத்திலதான் விழுந்தவை.”

“ஜூன் மூண்டாம் திகதி மார்க்கத்துக்குப் போனனான். அங்கை என்னை ஒருத்தரும் ஏற்கேல்ல,” என்றார் சூசைதாசன். றஜிதா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“அப்பா, இற்ஸ் எ பட்டன். ஒரு பட்டனை அமத்திறதுதான் வேலை.”

“பட்டனுக்குப் போக முந்தி ஆள் நம்பிக்கையானவனோ எண்டு பாப்பினம்,” என்றார் அவர்.

மூன்றாம் கேள்வியில் ஒத்திகையே இடிந்து விழுந்தது. முதன்முதல் பனியைக் கண்டது எப்போது? சூசைதாசன் நிமிர்ந்திருந்து ஒப்புவித்தார்: தொண்ணூற்றொன்று நவம்பர் பதினேழு, காலை ஆறு இருபது. மக்டலீன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கு எழுதின காயிதத்தில பதினெட்டு எண்டெல்லோ போட்டிருந்தனீங்கள்.”

சூசைதாசனின் முகம் வெளுத்துப்போனது. அல்பேட் கண்ணாடியைக் கழற்றினார். நாற்பத்தைந்து நிமிடம் ஒத்திகை நின்றது. கணவனும் மனைவியும் பதினேழா பதினெட்டா என்று மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அல்பேட் தீர்ப்புச் சொன்னார்: “பதினேழாம் திகதி அளவில எண்டு சொல்லு. அளவில எண்டால் ஒருத்தரும் பிடிக்கேலாது.” அன்றிரவு அதைத்தான் அவர் கொண்டுபோய் மனப்பாடம் செய்தார்.

நேர்முகத்துக்கான பத்திரக் கோப்பு தனியாக வளர்ந்தது. சிவப்பு மட்டை, நாற்பத்தொரு பத்திரம், ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் போட்டுத் தாள் ஒட்டியிருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ், குடியுரிமைப் பத்திரம், தொழிற்சாலைக் கடிதம். சூசைதாசன் ஷவலால் பனி அள்ளுவதுபோல் எடுத்த படம், திகதிக்கு அத்தாட்சியாக மற்றக் கையில் அன்றைய பேப்பர். தேவாலயத்துப் பங்குச் சுவாமியிடமும் ஒரு கடிதம் வாங்கியிருந்தார்கள். சுவாமி பழைய ஆள், அகதிக் கடிதம் எழுதிப் பழகிய கை. இவரைத் தொண்ணூற்றுநாலு முதல் அறிவேன், நான் அறிந்தவரை இவர் எந்த ஆயுதக் குழுவிலும் அங்கத்தவர் அல்லர் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது என்று நான் சொன்னேன். அல்பேட் என்னோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை.

சனிக்கிழமை போனோம். சூசைதாசன் கோட்டும் கழுத்தில் ரையும், நான் வழக்கமான ஜாக்கெற். காரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் மலை முழுக்கக் காய்ந்த புல்.

“ஸ்னோவைக் காணேல்ல, அண்ணை,” என்றார் கலவரமாக. “அப்ப நான் பாடமாக்கினது?”

உள்ளே ஒரு பெரிய சாப்பாட்டு மண்டபம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று போன் நோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை. வயது இருபத்தைந்துகூட இராது. கம்பளித் தொப்பி, சட்டையில் கெய்லி என்று பெயர்ப் பட்டி, பக்கத்தில் சிப்ஸ் பக்கெற். அதிகாரியின் முகத்தைப் பின்னால் இருந்து கவனி என்று அல்பேட் எனக்குக் கட்டளையிட்டிருந்தார். ஆனால் அவள் எனக்கும் ஒரு கதிரையை இழுத்து முன்னால் போட்டுவிட்டாள்.

சூசைதாசன் பத்திரக் கோப்பை மேசையில் வைத்தார். பிறகு எழுந்து நின்று, சத்தியப்பிரமாணம் எடுக்க வலது கையை உயர்த்தினார். கெய்லி ஒரு கணம் பார்த்தாள். சந்தோஷமாகத் தன் கையையும் உயர்த்தி அவர் உள்ளங்கையில் பளாரென்று ஒரு தட்டுத் தட்டினாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

சனி ஞாயிறு வரமுடியுமா என்று கேட்டாள். கேள்வித்தாளில் அப்படி ஒன்றுமே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் ஓம் என்றார்.

குளிர் பரவாயில்லையா என்று கேட்டாள். “தொண்ணூற்றொன்று நவம்பர் பதினேழாம் திகதி அளவில்,” என்று அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். அவள் அதற்குள் சரி போட்டுவிட்டாள்.

பிறகு மூன்றாவது கேள்வி. ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் வேலை செய்திருக்கிறீர்களா, எப்போதாவது அவசரமாக நிறுத்தவேண்டி வந்ததா?

சூசைதாசன் கோப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். புதிதாக வந்த ஒரு பொடியனின் சட்டைக்கை மெஷின் பெல்ற்றில் மாட்டிவிட்டது. இவர் ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அடித்தார். லைன் பதினொரு நிமிடம் நின்றது. போர்மன் எல்லோருக்கும் முன்னால் வைத்து இவருக்கு ஏசினான். பொடியனுக்கு இரண்டு கையும் இருக்கிறது. இருபது வருடப் பழக்கத்தில் நான் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நின்றார். கோப்பைப் புரட்டினார். நாற்பத்தொரு பத்திரத்தையும் ஒரு தரம் தட்டிப் பார்த்தார்.

“மன்னிக்கவேணும்,” என்றார் அவளிடம். “இதற்கு என்னிடம் கடதாசி இல்லை. போர்மன் எழுதவில்லை. என்ன திகதி என்றும் எனக்கு ஞாபகம் இல்லை.”

பழைய இடத்திலேயே திரும்பவும் விழுந்துவிட்டார், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். எனக்கு அல்பேட்மேல் கோபம் கோபமாக வந்தது.

“பரவாயில்லை, நான் நம்புகிறேன்,” என்றாள் கெய்லி. “எங்களுக்கு அப்படி ஒரு ஆள்தான் வேண்டும். டிசம்பர் முதல் சனிக்கிழமை வரமுடியுமா?”

முடிவு தபாலில் எப்போது வரும் என்று சூசைதாசன் கேட்டார். இதுதான் முடிவு என்றாள் அவள். அவர் பத்திரக் கோப்பை அவள் பக்கம் தள்ளினார். அவள் மரியாதைக்காக, மேலே இருந்த ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்து, எழுத்து வடிவாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தாள். அவர் எழும்பவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, உங்களுக்குக் கார் நிறுத்துமிடத்தில் வேலை சரிதானே என்றாள். நான் டிரைவர் மட்டும்தான் என்றேன். அது இன்னும் நல்லது என்று சொல்லி ஒரு செம்மஞ்சள் மேற்சட்டையைத் தந்துவிட்டாள். அறுபத்தாறு வயதில் எனக்கும் வேலை.

காருக்குள் ஏறியதும் அவர் மக்டலீனுக்குப் போன் எடுத்தார். நான் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னப்பா நடந்தது?”

அவர் ரையைத் தளர்த்தினார். பிறகு, “மக்டலீன், நம்பிட்டினம்,” என்றார்.

அந்தச் சொல்லின் கனம் எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வரும் வழியில்தான் சூசைதாசன் சொன்னார். தொண்ணூற்றிரண்டில் மக்டலீன் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில், இருபத்துநாலு வயது, இவருக்காகக் காத்திருந்தவர். விசாரணை முடிந்த கிழமை இவர் முகாமுக்கு வெளியே இருந்த ஒரு கடைப் போனுக்கு அவரைக் கூப்பிட்டு, “நம்பேல்ல” என்று சொல்லவேண்டி வந்தது. திரும்ப வழக்காடி, காத்திருந்து, பத்திரம் எடுத்து, மக்டலீன் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது வயது முப்பது.

“பேப்பர் கேட்டவையோ?” என்றார் மக்டலீன் போனில்.

“ஒண்டும் கேக்கேல்ல. நான் சொன்னன். அவ நம்பிட்டா.”

போனில் மக்டலீன் அழுகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஒரு சொல்லுத்தானேயப்பா,” என்றார் மக்டலீன். “அண்டைக்கும் அவைக்கு ஒரு சொல்லுத்தானே.”