மெத்தைக்காரர் கண்ணை மூடினார்

மெத்தைக் கடையில் அவருக்கு இருந்த மவுசே தனி. வாடிக்கையாளர் யோசித்தால் வாயால் விளக்கமாட்டார். செருப்பைக் கழற்றி மெத்தையில் ஏறிப் படுத்து, கண்ணை மூடிக் காட்டுவார். அந்த முகத்தில் படரும் நிம்மதியைப் பார்த்தே பாதிப் பேர் பணத்தைக் கட்டிவிடுவார்கள். ஒரே ஒரு குறை: பல சமயம் அவர் நிஜமாகவே தூங்கிவிடுவார். முதலாளி வந்து காலைத் தட்டி எழுப்ப வேண்டும்.

அப்படிப்பட்டவரின் தூக்கத்தைக் கெடுத்தது அக்கா. தொலைபேசி நிலையத்தில் ஊரையே அதட்டி வேலை பார்த்தவள், பக்கவாதம் வந்ததும் வலது கையும் காலும் விளங்காமல் தம்பி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாக்கு மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது. ஒருநாள் அவளை நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கப்போய், தம்பியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கிடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"இனிமே என்னைத் தூக்காதடா," என்றாள் அக்கா தரையிலிருந்தே. "நீ தூக்கினா, நம்ம ரெண்டு பேரையும் தூக்க இன்னொருத்தன் வேணும். நல்ல முதியோர் இல்லமாப் பாரு, போயிடறேன்."

அவர் நெஞ்சு சுக்குநூறாக உடைந்தது. இடுப்பு ஏற்கெனவே உடைந்த மாதிரிதான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. போற எடத்துல யாரும் என்னை மூட்டை மாதிரிப் புரட்டக் கூடாது."

"சரிக்கா. மெத்தை நல்லா இருக்கானு நானே படுத்துப் பாக்கறேன்."

"நான் என்ன சொல்றேன், இவன் என்ன சொல்றான் பாரு!"

முதலில் பார்த்த இல்லத்தில் வாசலில் நீரூற்று, உள்ளே மீன்தொட்டி, சுவரெல்லாம் சிரிக்கும் முதியவர்களின் படங்கள். மெத்தையை ஒரு விரலால் அமுக்கியதுமே அவருக்குக் கண் கலங்கியது. கடையிலேயே உயர்ந்த ரகம்! "கொஞ்சம் படுத்துப் பாக்கலாமா?" என்றார். மேலாளர் சிரித்துத் தலையாட்டினார். அதற்குள் போன் வர, பேசிக்கொண்டே வெளியே போனார். தலையணையில் தலை பட்டதும் தொழில் பழக்கம் தன் வேலையைக் காட்டிவிட்டது.

விழித்தபோது அவர் உலகம் குப்புறக் கிடந்தது. சட்டை கழுத்துவரை ஏறியிருந்தது. பணிப்பெண் ஒருத்தி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, யாருடைய கல்யாணப் புடவையைப் பற்றியோ பேசியபடி, ஈரத்துணியால் அவர் முதுகைப் பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் நோயாளி இல்லம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டு அவரை மறுபக்கம் புரட்டினாள்.

அந்தப் புரட்டலில்தான் அவருக்கு அக்கா சொன்னது முழுசாகப் புரிந்தது. ஐயோ, அவள் கேட்டது மெத்தையைப் பற்றியா? அதன் மேலே கிடப்பவளை எப்படித் தொடுவார்கள் என்பதையல்லவா! உயர்ந்த ரக மெத்தையில் முகம் புதைந்து கிடந்தபடி விம்மினார். பணிப்பெண் மூக்கையும் துடைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் சோதனை மாறியது. போகிற இல்லத்திலெல்லாம் காலிக் கட்டிலில் படுத்து, நோயாளி போல வேண்டுமென்றே கண்ணை மூடினார். ஒரு இடத்தில் நெடுநேரம் காத்திருந்தும் வந்தது ஒரு பூனை மட்டுமே. அதுவும் காலடியில் சுருண்டு தூங்கிவிட்டது.

கடைசியாகப் பார்த்த இல்லத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. மெத்தையோ, பஞ்செல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, நடுவில் பள்ளம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். காலடிச் சத்தம் வந்து கட்டிலருகே நின்றது.

"ஐயா, தலையணை நழுவியிருக்கு. சரி பண்ணட்டுமா?" ஒரு நடுவயதுப் பணிப்பெண்ணின் குரல்.

அவர் பேசவில்லை. அவளும் தொடவில்லை. "பேச முடியலைன்னா பரவால்ல. என் கை இங்க இருக்கு. சரின்னா லேசா அமுக்குங்க."

எதிர்க் கட்டில் தாத்தா கத்தினார்: "அந்த ஆளு நடிக்கிறான்மா! இப்பத்தான் செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் படுத்தான்."

"நடிச்சாலும் தலையணை நழுவித்தானே தாத்தா இருக்கு?" என்றாள் அவள், இருந்த இடத்திலிருந்து நகராமல்.

மெத்தைக்காரர் கையை அமுக்கினார். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் ஆறாக ஓடியது.

"எங்கயாவது வலிக்குதாங்க?"

"மெத்தை... ரொம்ப மோசம்மா," என்று தேம்பினார்.

"தெரியுங்க. எல்லாரும் அதைத்தான் திட்டறாங்க."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அக்கா வெகுநேரம் சிரித்தாள். "உன்னைக் குப்புறப் போட்டுத் தேய்ச்சாளா? அதை நான் பாக்கலையேடா!" பிறகு சிரிப்பு அடங்கியது. "அந்தக் கை நீட்டினவ இருக்கற எடத்துக்கே போறேன்."

போகும் நாளன்று, கடையிலிருந்து ஒரு நல்ல மெத்தையை வண்டியின் மேல் கட்டிக்கொண்டு வந்தார். "நடிகர் வந்துட்டாருப்பா!" என்று தாத்தா இல்லம் முழுக்க அறிவித்தார்.

பணிப்பெண் அக்காவின் முன் குனிந்தாள். "அக்கா, தோளைப் பிடிச்சுத் தூக்கலாமா?"

எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருப்பவள், தலையை மட்டும் ஆட்டினாள்.

கிளம்பும் நேரம் வந்தது. தம்பி வழக்கம்போல அவள் கையைப் பற்றப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அக்கா... கையைப் பிடிச்சுக்கலாமா?"

அக்கா தன் நல்ல கையை நீட்டினாள். "பிடிடா. தூக்க மட்டும் தூக்காத."