பணியில் இருப்பவரைத் தேடிய சித்தி

என் சித்தி பள்ளிச் சீருடை தைப்பவள். சித்தப்பா கலங்கரை விளக்கக் காவலர். ஆறு மாதம் தீவில், ஒரு மாதம் வீட்டில். வீட்டில் இருக்கும் அந்த ஒரு மாதமும் சித்தியின் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுப் போட்டே அதைப் பாழாக்கிவிடுவார்.

ஒருநாள் தீவின் விளக்கு எரியவில்லை. சரக்குப் படகுக்காரர் போய்ப் பார்த்தார். சித்தப்பாவோடு சேர்த்துக் காவலர்கள் மூன்று பேரையும் காணோம். அவர்களுடைய சிறு படகு மட்டும் கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

சித்தி கலங்கரை விளக்கத் துறை அலுவலகத்துக்கு ஓடினாள்.

“ஆளை அனுப்பித் தேடுங்க சார்.”

கண்காணிப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடாமல் எந்தக் காவலரும் தீவை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. கையெழுத்து இல்லை.

“மூணு பேரும் டியூட்டிலதாம்மா இருக்காங்க. டியூட்டில இருக்கறவங்கள எப்படித் தேடறது?”

“காணோம்னு படகுக்காரரே சொல்றாரே!”

“அவரு சரக்கு இறக்கப் போனவரு. ஆள் எண்ண அவருக்கு அதிகாரம் இல்ல.”

படியிறங்கிய சித்தி பாதியில் திரும்பி ஏறினாள். “டியூட்டில இருக்காருன்னா பொண்டாட்டி போய்ப் பாக்கலாம்ல?”

அதற்கு விதியில் இடம் இருந்தது. ஒரு நாளுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது.

போனவள் திரும்பவில்லை. பாறை பாறையாகத் தேடினாள். மேற்குப் பக்கக் குகைகளில் தனியாளாக இறங்க முடியவில்லை. சாயங்காலம் மீன்பிடிப் படகுகள் தெரிந்ததும் மனசு கேட்காமல் மேலே ஏறி விளக்கை ஏற்றினாள். தினமும் தீவிலிருந்த பதிவேட்டில் எழுதி, சரக்குப் படகு வரும்போது அதன் நகலை அலுவலகத்துக்கு அனுப்பினாள்: ‘விளக்கு ஏற்றப்பட்டது. காவலர் மூவரும் இல்லை.’

பதில் வந்தது: ‘விளக்கு மீண்டும் ஒழுங்காக எரிவதற்காகக் காவலர் மூவருக்கும் பாராட்டு.’

“இருபது வருஷமா அந்த மனுஷனை ஒருத்தரும் பாராட்டல. இப்ப வருது பாருங்கண்ணே,” என்றாள் படகுக்காரரிடம்.

அடுத்த பதிவில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். அலுவலகம் ஆடிப்போய்விட்டது. அனுமதி முடிந்தும் வெளியாள் ஒருத்தி தீவில்! அப்படிப்பட்டவரைத் தேட விதி தெளிவாகவே இருந்தது. மூன்றாம் நாள் கயிறு, ஏணி, இரண்டு மோப்ப நாய்கள், பன்னிரண்டு ஆட்களோடு கண்காணிப்பாளரே வந்து இறங்கினார்.

சித்தி படகுத்துறையில் நின்றிருந்தாள்.

“ஏம்மா, உன்னைத்தான் தேடி வந்திருக்கோம்!”

“கிடைச்சுட்டேன் சார்.”

“அப்போ கிளம்பு, போகலாம்.”

ஏணி வைத்திருந்தவர் ஆணையை எடுத்துப் படித்தார். “சார், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தேடணும்னு போட்டிருக்கே.”

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை.

சித்தி சித்தப்பாவின் சட்டையை நாய்களின் மூக்கருகே நீட்டினாள். இரண்டும் மேற்குப் பக்கமாக இழுத்தன. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் பின்னால் ஓடினாள்.