ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறவர்கள்

பேருந்து நிலையத்தின் கிழக்கு வாசலை ஒட்டி, பைகளுக்கு ஜிப் மாற்றித் தரும் கடை ஒன்று இருக்கிறது. கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஜிப் சரங்கள், அவ்வளவுதான். அதை நடத்துகிற அக்காவுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அவளைப் பற்றி யாராவது விசாரித்தால் தைத்துக்கொண்டே ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள். தம்பியைப் பற்றிக் கேட்டால் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசத் தொடங்குவாள்.

சிக்கல் என்னவென்றால், தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று அவளுக்கே சரியாகச் சொல்ல வராது. ஆராய்ச்சி என்பாள். மருந்து கண்டுபிடிக்கிறாரா என்பார்கள். இல்லை, ஊரைப் பற்றி என்பாள். அப்படியானால் எந்தக் கட்சிக்கு என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கும். எந்தக் கட்சிக்கும் இல்லை என்றால் ஒருவரும் நம்புவதில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் பெரிய மனது பண்ணி ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு கட்சிக்கும்னு சொல்லிடும்மா. கேக்கிறவங்களுக்கும் மரியாதையா இருக்கும்."

தம்பி சின்ன வயதிலேயே இப்படித்தான். அவர்கள் தெருவில் மேல்கோடி வீடுகளுக்கும் கீழ்கோடி வீடுகளுக்கும் தீராத தண்ணீர்ச் சண்டை. அவர்கள் உறிஞ்சிவிடுகிறார்கள் என்று இவர்களும், இவர்கள் உறிஞ்சிவிடுகிறார்கள் என்று அவர்களும் குடத்தை வைத்துவிட்டு வாயால் அடித்துக்கொள்வார்கள். அரை டவுசர் போட்ட தம்பி, ஒரே அளவில் இரண்டு வாளிகளைக் கொண்டுபோய் இரண்டு கோடியிலும் வைத்தான். இரண்டுமே சொட்டுச் சொட்டாகத்தான் நிறைந்தன. அப்புறம் தெருவின் நடுவில் குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்துக் கேட்டான். குழாய் அங்கே உடைந்து, தண்ணீர் முழுக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. உடைப்பை அடைத்தார்கள், தண்ணீரும் வந்தது. ஆனால் இரண்டு கோடிக்காரர்களும் கொஞ்ச நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை வருஷம் போட்ட சண்டையை வீணாக்கிவிட்டான் என்று கோபம்.

படித்து முடித்ததும் மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் ஆய்வு மையத்தில் சேர்ந்தான். அக்கா ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். மூன்று அறை, சுவரெல்லாம் ஊர் வரைபடங்கள். எந்தக் கட்சிக்காரர் கொடுத்த காலண்டரும் மாட்டக்கூடாது என்பதால் தேதி பார்க்கக் கீழே மருந்துக் கடைக்குத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். அறிக்கை எதுவானாலும் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரே நேரத்தில்தான் கையில் கொடுப்பார்கள். முந்தின நாள் கெஞ்சினாலும் ஒருவருக்கும் கிடைக்காது. இதையெல்லாம் நடத்துகிற டைரக்டர் அம்மா, கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர்.

ஊர் நான்கு பக்கமும் வளர்ந்துகொண்டிருந்த நேரம். பேருந்து நிலையத்தை அப்படியே பெயர்த்து ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கட்சி. ஒரு செங்கல்லைக்கூட அசைக்க விடமாட்டோம் என்று இன்னொரு கட்சி. மாநகராட்சியில் ஓட்டெடுப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. இதில் உண்மை என்ன என்று பார்க்கிற வேலையை ஆய்வு மையம் எடுத்துக்கொண்டது. எழுதும் பொறுப்பு தம்பிக்கு. அவன் தனியாக எழுதப்போகும் முதல் அறிக்கை அது. அக்காவின் கடை கிழக்கு வாசலில் இருப்பதை அவன் முதல் நாளே டைரக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அதனால் அந்த வாசலில் நின்று பயணிகளைக் கேட்டு எழுத, மையத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

நிலையம் போனால் தன் பிழைப்பும் போகும் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பை கிழிந்து நிற்பவன் வெளியூர்ப் பயணிதானே? இரவு சாப்பிடும்போது, என்னதான் கேட்கப்போகிறீர்கள் என்று துருவினாள். நிலையத்தை மாற்றலாமா வேண்டாமா என்று நேராகக் கேட்டால் ஆகாதா?

"அப்படிக் கேட்டா கட்சிக்காரங்க மைக்ல பேசினதைத் திருப்பிச் சொல்லுவாங்கக்கா. எங்கிருந்து வர்றீங்க, இங்கிருந்து எங்க போறீங்க, எதுல போறீங்கன்னு கேட்டா, செய்றதைச் சொல்லுவாங்க."

அக்கா அதை மனதுக்குள் போட்டு உருட்டினாள். நிலையம் தூரப் போனால் யாருக்கு ரொம்பக் கஷ்டம்? பேருந்தை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறவர்களுக்கு. அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கடையும் பிழைக்கும், தம்பியின் அறிக்கையும் எடுப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாளிலிருந்து பையை நீட்டியவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள். வாசலில் ஒரு பெண் கேட்பாள், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். டீக்கடைக்காரரும் தன் பங்குக்கு டம்ளரோடு சேர்த்து இதையும் கொடுத்தார்.

அந்த வாரம் கிழக்கு வாசல் வழியாகப் போனவர்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். கிரிக்கெட் மட்டையோடு வந்த பையன்கள் போனார்கள். ஏணியைத் தோளில் சுமந்த பெயின்டர் போனார். கல்யாணப் பரிசுப் பொட்டலம் வைத்திருந்த குடும்பம் ஒன்று, சிரித்துக்கொண்டே போனது.

மாடியறையில் தம்பி விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். மற்ற வாசல்களில் இல்லாத நோயாளிக் கூட்டம் ஒரு வாசலில் மட்டும் எங்கிருந்து வந்தது? கிழக்கு வாசலில் நின்ற பெண்ணும் தலையைச் சொறிந்தாள். அவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே போய் நின்று பார்த்தான். நடந்து வந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் இந்தக் கூட்டம் இல்லை. புதுசாக எங்காவது மருத்துவமனை திறந்திருக்கிறார்களா என்றுகூடத் தேடினான். ஒன்றும் பிடிபடாமல் அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்கு வந்தான். முக்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர், கையில் தாளோடு வந்த அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "ஆஸ்பத்திரிக்குத்தான் தம்பி. நடந்து" என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"யார்கிட்டல்லாம்கா சொன்ன?"

"நல்லதுக்குத்தான்டா சொன்னேன்."

"அது இருக்கட்டும். யார்கிட்டல்லாம்?"

"வந்தவங்க எல்லார்கிட்டயும்தான். நான் என்ன ஆள் பார்த்தா சொல்ல முடியும்?"

அவன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் சாப்பாட்டை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். இது வெளியே தெரிந்தால் அவன் முதல் அறிக்கையே சந்தி சிரிக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வாசல் கணக்கை மட்டும் சத்தமில்லாமல் அடித்துவிடேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சினாள்.

"அடிச்சுட்டு மூடி வச்சா, மிச்ச மூணு வாசலை எதை வச்சுக்கா நம்புவாங்க?" என்றான் தம்பி.

அன்று மாலையே டைரக்டர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். மட்டைக்காரப் பையன்களைப் பற்றிக் கேட்டு அவர் முதலில் சிரித்தாராம். பிறகு கிழக்கு வாசல் முழுவதையும் தள்ளிவிட்டு, புது ஆட்களை நிறுத்தி மறுபடி கேட்கச் சொன்னார். நடந்ததை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்றும் சொன்னார். அக்கா அந்த நாட்களில் வாயைத் திறக்கவில்லை. கிழிந்த பையைக்கூடச் சைகையிலேயே வாங்கினாள்.

அறிக்கை முடிந்ததும், கடை நிற்குமா போகுமா என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். எல்லோருக்கும் தெரியும்போது உனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டான். இரண்டு வேளை அவனோடு பேசாமல் இருந்தாள். ஆனால் டீக்கடைக்காரரிடம் போய், "எனக்கே சொல்லலைங்க, பார்த்துக்கங்க" என்று தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

மாநகராட்சி அரங்கில் அறிக்கை கொடுத்த அன்று அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் நீள மேசை, எல்லாக் கட்சியினருக்கும் ஒரே நேரத்தில் பிரதி. முதல் பக்கத்தைப் புரட்டியதுமே ஒரு கவுன்சிலர் எழுந்துவிட்டார். "இவரோட சொந்த அக்காவே ஜனங்களைப் பொய் சொல்லச் சொல்லியிருக்காங்க. இதை நாங்க நம்பணுமா?"

அக்காவுக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. டைரக்டர் அம்மா நிதானமாக, "உங்களுக்கு இது எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"எப்படித் தெரிஞ்சதா? இதோ, இதுலயே போட்டிருக்கே."

எதிர்க்கட்சி வரிசைதான் முதலில் சிரித்தது. பிறகு அவருடைய ஆட்களும் சிரித்துவிட்டார்கள். கவுன்சிலர் கையிலிருந்த பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

எதிர் வரிசையின் சிரிப்பும் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. வெளியூர்ப் பேருந்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊருக்குள்ளேயே போவதில்லை, இறங்கி வேறு பேருந்து ஏறிவிடுகிறார்கள் என்று தம்பி எழுந்து நின்று வாசித்தான். அந்தப் பேருந்துகள் வெளியே போகலாம். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் உண்மையாகவே நடந்து போகிறவர்கள் வருவது நகரப் பேருந்துகளில். அவை இங்கேயே இருக்க வேண்டும். இரண்டு கட்சிக்கும் முகம் சுண்டியது. முணுமுணுத்துக்கொண்டே இரண்டும் சேர்ந்து ஓட்டுப் போட்டன.

அக்காவுக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. வெளியூர்ப் பேருந்து போய்விட்டால் கிழிந்த பை யாரிடம் இருக்கும்? புது நிலையத்துக்குக் கடையை மாற்றிவிடு என்றார் டீக்கடைக்காரர். அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தவள், ஏனோ நிறுத்திக்கொண்டாள். அடுத்து வந்த பெண்மணியிடம் பையை வாங்கிக்கொண்டே, "எங்கிருந்து வர்றீங்க?" என்றாள். இரண்டு தெரு தள்ளி என்றார் அந்த அம்மா. அதற்கடுத்தவர் மார்க்கெட் கணக்கர். அடுத்தது பக்கத்துப் பள்ளிக்கூடப் பை. இத்தனை வருஷமாக வெளியூர்க்காரர்களை நம்பித்தான் பிழைக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அவர்களுக்குப் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். கிழிந்ததைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போய்விடுகிறவர்கள்தான் அதிகம். நின்று மாற்றிக்கொள்கிறவர்கள் எல்லாம் உள்ளூர்.

அன்று இரவு சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, கடையை எங்கேயும் மாற்றப்போவதில்லை என்று தம்பியிடம் சொன்னாள். வந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாளாம்.

தம்பி கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "கேட்டது மட்டும்தானேக்கா?"

"கேட்டது மட்டும்தான்டா" என்றாள் அக்கா. "டீக்கடைக்காரரைக்கூட அந்தப் பக்கமாத் திரும்பி நிக்கச் சொல்லிட்டேன்."