ஆயுசு அக்கா சாகவிட்ட குடுவை

ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்ப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குடுவையைக்கூட அவள் சாகவிட்டதில்லை. என்றைக்கோ ஒரு நோயாளியின் ரத்தத்தில் எடுத்த புற்றுச் செல்கள், குடுவைக்குள் பெருகிக்கொண்டே போகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்ற வேண்டும். கூட்டம் சேர்ந்தால் பிரித்துத் தனிக்குடித்தனம் வைக்க வேண்டும். மேல்மாடியில் யாருடைய செல் சுணங்கினாலும் குடுவையைத் தூக்கிக்கொண்டு இவளிடம்தான் ஓடி வருவார்கள். நாலே நாளில் அது தெம்பாகிவிடும். அதனால் ஆயுசு அக்கா என்றே பெயராகிப்போனது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சமென்ன, நிறையவே!

பக்கத்து மேசையில் ஓர் ஆராய்ச்சி மாணவி. இந்தச் செல்களை ஓயாமல் பெருகச் செய்வதும், சாகவிடாமல் தடுப்பதும் ஒரே மரபணுதான் என்பது அவள் கட்சி. அது வேலை செய்யாதபடி அதன் வாயை அடைத்துவிட்டால் செல்கள் தாமாகவே செத்துவிட வேண்டும். அவளும் அடைத்துப் பார்த்தாள், ஒன்றுக்கு இரண்டு தடவை. எண்ணும் நாள்வரை குடுவைகளைக் கவனிப்பது அக்கா பொறுப்பு. ஆறாம் நாள் எண்ணிப் பார்த்தால் செல்கள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருந்தன. பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே தடவை, அதிலும் சாகவில்லை என்றால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடலாம். இரண்டு வருட உழைப்பு அம்போ.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள் மாணவி.

"ஏம்மா, சாப்பிடாம இருந்தா மட்டும் அதுங்க செத்துடுமா?"

"மூணாம் நாளே வாடணும்க்கா. சுருங்கி, துண்டு துண்டா உடையணும். ஒரு தடவைகூட அப்படி ஆகலையே!"

அக்காவுக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வாடியதே! சுருங்கியதே! இரண்டு தடவையும் கண்ணால் பார்த்தாளே! பார்த்தவள் சும்மா இருந்தாளா? ஐயோ பாவம் என்று இயந்திரத்தில் சுழற்றி, செத்ததை வடித்துக் கொட்டிவிட்டு, மிஞ்சியவற்றுக்குப் புது ஊட்டநீர் ஊற்றினாள். அந்த மிஞ்சியவை மரபணு சரியாக அடைபடாமல் தப்பித்தவை. அவைதான் குட்டி போட்டுக் குடுவையை நிரப்பியிருக்கின்றன. பிள்ளை பயந்துவிடுவாளே என்று அதை அவளிடம் சொல்லவுமில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தத் திறக்காத டப்பாவைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"வாடுச்சும்மா. நான்தான் தேத்திவிட்டேன்."

மாணவி விழித்தாள். புரிந்ததும் முகம் சிவந்தது. "ரெண்டு வருஷம்க்கா! நான் பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன்!" என்று கத்தினாள். அக்கா தலைகுனிந்து நின்ற நிலையைப் பார்த்ததும், என்ன நினைத்தாளோ, குபுக்கென்று சிரித்துவிட்டாள். "அப்போ என் மரபணு சரிதான்! உங்க வைத்தியம்தான் குறுக்கே நின்னுருக்கு! இந்தத் தடவை வாடினதைத் தேத்திவிட்டீங்கன்னா உங்க கூடப் பேசவே மாட்டேன்."

மூன்றாம் தடவை ஆரம்பமானது. ஒரே செல்களில் இரண்டு குடுவை: ஒன்றில் மரபணு அடைத்தது, மற்றதில் அடைக்காதது. ஒரே தட்டு, ஒரே ஊட்டநீர், ஒரே நேரம். மூன்றாம் நாள் அடைத்த குடுவை வாடியது. அக்காவுக்குக் கை பரபரத்தது. போய் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த கண்ணாடிக் குழாய்களையெல்லாம் மறுபடியும் கழுவினாள். ஐந்தாம் நாளுக்குள் ஆய்வுக்கூடமே பளபளத்தது.

ஆறாம் நாள் மாணவிக்கு எண்ணத் தைரியம் வரவில்லை. "நீங்களே பாருங்கக்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். நீலச் சாயம் செத்த செல்லுக்குள்தான் ஏறும், உயிருள்ளது வெள்ளையாகவே இருக்கும். அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நீலம். நீலம். எங்கே பார்த்தாலும் நீலம்! நூற்றில் எண்பத்தாறு.

"செத்துப்போச்சு! எல்லாம் செத்துப்போச்சுடி!" என்று குதித்தாள். வாசலில் இருந்த காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "யாரும்மா? எப்போ?" இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து மனுஷன் மிரண்டுபோனார்.

கணக்கைப் பார்க்க வந்த பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "பராமரிப்பு சரியில்லாமகூடச் செத்திருக்கலாமே? இத வச்சு எப்படி நம்புறது?"

மாணவியின் முகம் சுண்டிவிட்டது. அக்கா அடைக்காத குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, சாயம் கலந்து வைத்தாள். பேராசிரியர் எண்ணினார், மறுபடியும் எண்ணினார். நூற்றில் தொண்ணூற்றெட்டு உயிரோடு.

"ரெண்டையும் நீங்கதான் பார்த்துக்கிட்டீங்களா?"

"ஆமா சார். ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் செஞ்சேன். ஓரவஞ்சனை எதுவும் பண்ணல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க கையில இருந்தும் செத்திருக்குன்னா, அது மரபணு வேலைதான். இனி வேற சாட்சி வேணாம்" என்று மாணவியிடம் திரும்பி, "எழுத ஆரம்பிம்மா" என்றார்.

மாணவி அங்கேயே ஓவென்று அழுதாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு குடுவையைப் பறிகொடுத்தவளுக்கு அன்று இருந்த சந்தோஷம் அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை.