சரளா மேடம் அறுக்கச் சொன்ன ஆக்சில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சரளா மேடத்தின் கணவர் போன் செய்தார். "அவ போயிட்டாப்பா" என்றார். மூளைக் காய்ச்சல், ஒரே வாரம். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். போக வேண்டியவர்கள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் எங்கள் ஃபோர்ஜிங் கம்பெனியில் இருந்தவர்களுக்கு அந்த விவகாரம் நினைவிருக்கும். லாரி ஆக்சில்கள் சோதனையில் உடைந்துகொண்டே இருந்தன. ஆபரேட்டர் முனியப்பன் தப்பாக அடித்துவிட்டதாகச் சொல்லி பிளான்ட் ஹெட் அவரை வெளியே அனுப்பினார். "நான் சரியாத்தான் அடிச்சேன் மேடம். எங்க ஊரு உத்தனப்பள்ளில தலை காட்ட முடியல" என்று கேட்டில் நின்று அழுதார் முனியப்பன்.

தரப் பிரிவு இன்ஜினியரான மேடம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இரும்புக்குள் சர்க்கரை போல மணிகள் உண்டு. பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது அவை பொடியாகும். சூடு மிஞ்சினால் மறுபடி பெரிதாகும், பெருத்தால் இரும்பு உடையும். எந்தச் சூட்டில் மணி எவ்வளவு பெரிதாகும் என்று கணக்கிடும் மாடல் ஒன்றை உருவாக்கினார். கோளாறு அடியில் இல்லை, உலைச் சூட்டில் என்றது அது. உற்பத்தியைக் கூட்டச் சூட்டை ஏற்றச் சொன்னவர் பிளான்ட் ஹெட்தான். "கம்ப்யூட்டர்ல விளையாடாதம்மா" என்று அவர் சிரித்தார்.

மேடம் சமயம் பார்த்திருந்தார். கஸ்டமர்கள் வந்த அன்று, சூட்டை ஏற்றிய புதிய முறையில் வந்த முதல் ஆக்சில் என்று மேஜைமேல் வைத்திருந்ததைக் காட்டி ஹெட் பெருமை பேசினார். மேடம் திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். "இங்க மணி பெருத்திருக்கும்னு மாடல் சொல்லுது சார். உங்க பீஸையே அறுத்துப் பாத்துடலாமா?"

கஸ்டமர் எதிரில் அவரால் மறுக்க முடியவில்லை. அறுத்து, தேய்த்து, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். மேடம் சொன்ன இடம், சொன்ன அளவு. ஹெட்டின் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

முனியப்பன் வேலைக்குத் திரும்பினார். போதும் விடுங்கள் என்றோம். "வேலை குடுத்துட்டா ஆச்சா? எல்லார் முன்னாடியும் பழி போட்டான். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார் மேடம். அந்த ஆள் கேட்கவில்லை. பெரிய பதவி கிடைத்து வேறு கம்பெனிக்குப் போனார். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அவர் நீட்டியபோது மேடம் கை நீட்டி வாங்கவில்லை.

நாளை மாலை இரங்கல் கூட்டம். தலைமை, அதே மனிதர். "அந்தப் பொண்ண நான்தான் வளத்து விட்டேன்" என்பார். எல்லோரும் வாருங்கள். முனியப்பனை முதல் வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். அந்த மனிதர் பேசிவிட்டு இறங்கும்போது வழி விட மாட்டேன். இப்படிச் சொல்வேன்:

"சார், முனியப்பன் இங்கதான் உக்காந்திருக்காரு. மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க."