லூஷியஸ் மாமா சும்மா இருந்த எட்டுத் தட்டு

கடவுள் "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்று சொல்லி முடிப்பதற்குள் இருட்டுக்குள்ளிருந்து "ஆமென்!" என்று ஒரு குரல் கேட்டதாம். அது எங்கள் தெரு லூஷியஸ் பிராம்லெட்டின் குரல்தான். பைபிளில் எரிகோ மதிலை இடிக்க இஸ்ரவேல் ஜனங்கள் ஏழு நாள் சுற்றி வந்து எக்காளம் ஊதினார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்தில் லூஷியஸ் மாமா டிராம்போன் என்கிற நீளப் பித்தளைக் குழலோடு நின்றிருந்தால், தலைவர் யோசுவா செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே மதில் விழுந்திருக்கும். எங்கள் கன்சாஸ் சிட்டி மட்டுமல்ல, மிசூரி ஆறு ஓடுகிற நீளம் முழுக்கத் தேடினாலும் அவரைப் போல முந்திக்கொள்கிற மனுஷன் கிடைக்கமாட்டான். அதனால்தான் ஊரே அவரை முந்திரிக்கொட்டை என்று கூப்பிடுகிறது.

பிறந்ததே ஒரு மாதம் முன்னால். கல்யாணத்தில் பாதிரியார் "இந்த வெர்லீனை..." என்று ஆரம்பித்த உடனேயே "சம்மதம்!" என்று கத்திவிட்டாராம். "எதுக்குச் சம்மதம்னு இன்னி வரைக்கும் அந்த மனுஷனுக்குத் தெரியாது" என்பார் வெர்லீன் அத்தை. இப்போது மாமா ப்ராஸ்பெக்ட் தெருப் பேருந்து ஓட்டுகிறார். எங்கள் நிறுத்தத்தில் பேருந்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. அதன் பின்னால் ஓடுவதுதான் வழக்கம். நான் பள்ளியில் பாதிதான் படித்திருக்கிறேன். மீதிப் பாதியை வகுப்புக்கு வெளியே நின்று கழித்ததற்கு என் குறும்பு காரணமென்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பேருந்து காரணமென்று நான் சொல்வேன்.

முந்திரிக்கொட்டை என்ற பெயர் அவருக்கு வந்தது 1938-இல். டெல்மர் பூன் என்பவரின் பெரிய வாத்தியக் குழுவில் அவர் மூன்றாவது டிராம்போன். ஊரே ஆடித் தீர்த்த காலம். "கதவைச் சாத்து" என்று அவர்களுடைய பாட்டு ஒன்று உண்டு. பதினைந்து பேரும் வீடு பற்றிக்கொண்டது போல வாசித்துக்கொண்டே வந்து, திடீரென்று நின்றுவிடுவார்கள். தாளத்தில் எட்டுத் தட்டுக்கு ஒரு சத்தமும் கிடையாது. ஆடுகிறவர்கள் தூக்கிய காலோடு நிற்க வேண்டும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரே அடி. கதவு சாத்தியாயிற்று.

ரெக்கார்டு எடுத்த அன்று, அந்த மௌனத்தின் நட்டநடுவில், நாலாவது தட்டில், லூஷியஸ் மாமா மட்டும் தன்னந்தனியாக "ப்ப்பாவ்" என்று ஊதிவிட்டார்.

மறுபடி எடுக்க நேரமில்லை. அப்படியே வெளியே வந்தது. ஜனங்களுக்கு அந்தப் ப்பாவ் பிடித்துப்போனது. ஒமாஹாவிலும் டல்சாவிலும் அதற்காகவே காத்திருந்து, அது வந்ததும் கூரையைப் பிய்த்தார்கள். விடுவாரா டெல்மர் பூன்? அன்றிலிருந்து தினமும் அந்தத் தப்பை மாமா தப்பாமல் வாசித்தாக வேண்டும் என்று உத்தரவு.

குழு கலைந்து, முடி நரைத்து, இந்த வருஷம் வசந்தத்தில் மிச்சமிருக்கிற ஒன்பது பேரும், ஆள் குறைவுக்கு ஆறு இளவட்டங்களும் சேர்ந்து ஒரு ஞாயிறு பிற்பகலில் வாத்தியக்காரர் சங்கத்துக் கூடத்தில் வாசிப்பதென்று முடிவானது. நியூயார்க்கிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனி டேப் மெஷினோடு வருகிறது. நேரடிப் பதிவு, ஒரே தடவை. ஒத்திகையைப் பார்க்க நானும் போயிருந்தேன். வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

"கதவைச் சாத்து" வந்தது. மௌனம் வந்தது. லூஷியஸ் மாமா ஊதவில்லை.

பியானோவிலிருந்து டெல்மர் பூன் எழுந்தார். "ஏன்டா, தூங்கிட்டியா?"

"இல்ல. எண்ணிக்கிட்டிருந்தேன்."

"முப்பத்தஞ்சு வருஷமா எண்ணத் தெரியாதவனுக்கு இப்ப என்னடா கணக்கு? ஊதுடா."

"மாட்டேன் டெல்மர். அந்த இடத்துல எழுதியிருக்கிறது ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததைத்தான் வாசிப்பேன்."

"அந்தப் பயலுக நியூயார்க்லேருந்து வந்ததே உன் தப்புக்காகடா! என் பியானோவுக்கா வந்தானுங்க?"

கூடம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. டிராம்போனை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் எத்தனை பாட்டு வாசிச்சிருப்பேன்? ஒண்ணாவது எவனுக்காவது ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு தப்புதான் இருக்கு. நான் செத்தா கல்லுல கூட ப்பாவ்னுதான் வெட்டுவீங்க. ஒரே ஒரு தடவை, ரெக்கார்டுல, சரியா இருந்துட்டுப் போறேன்."

"உன்னால சும்மா இருக்க முடியாதுடா" என்றார் டெல்மர். "கையைக் கட்டிப் போட்டாலும் மூக்கால ஊதுவ."

அது நியாயமான சந்தேகம். குழு கலைகிற வரைக்கும் தினமும் அந்த நாலாவது தட்டில் ஊதிப் பழகிய உதடு. கொட்டாவி வரும்போது வாயை மூடச் சொன்ன கதைதான். பேருந்திலும் பார்த்தேன்: ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே எண்ணுவார், நாலு வந்ததும் உதடு தானாகக் குவியும், உடனே கடித்துக்கொள்வார். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னடி பார்வை? எறங்குற இடம் வந்தாச்சு" என்பார். வந்திருக்காது.

இந்த மாதிரி ஒரு வாய்ப்பை நான் சும்மா விட முடியுமா? பழைய காரிலிருந்து கழற்றிய ரப்பர் பந்து ஹாரன் ஒன்று என்னிடம் இருந்தது. மாமா ஊதாவிட்டால் அவருக்காக நான் ஊதிவிடுவதென்று தெருப் பயல்களிடம் சொல்லி வைத்தேன். உலகத்துக்கு ஒரு ப்பாவ் கிடைக்க வேண்டும். யார் கொடுத்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த கையோடு ஜனம் அப்படியே தொப்பியும் கையுறையுமாகக் கூடத்துக்கு வந்துவிட்டது. வாசலில் சுட்ட விலா எலும்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் வரிசையில் வெர்லீன் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைதட்டலைப் பிடிப்பதற்கென்று கம்பெனிக்காரர்கள் நட்ட மைக் எங்களுக்கு முன்னால் நின்றது.

"பையில என்னடி உப்பலா?" என்றார் அத்தை.

"சாண்ட்விச்."

"சாண்ட்விச் ஏன்டி முனகுது?"

பதில் சொல்வதற்குள் டெல்மர் காலைத் தரையில் தட்டினார். பாட்டுக்குப் பாட்டு கிழவர்களுக்கு வயசு குறைந்துகொண்டே வந்தது. பாதிப் பேருக்குப் பல் சொந்தமில்லை, ஆனால் மூச்சு சொந்தம். கடைசியில் "கதவைச் சாத்து". கூடம் முழுக்கக் குசுகுசு: "முந்திரி வருது, முந்திரி வருது." பையில் கை விட்டு ஹாரனைப் பிடித்துக்கொண்டேன்.

நின்றது.

மாமாவின் டிராம்போன் வாயிலேயே இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. ஒன்று. இரண்டு. காது மடல் துடித்தது. கண் நேரே என்னைப் பார்த்தது, அல்லது என் பின்னாலிருந்த சுவரை. மூன்று. கூடமே முன்னால் சாய்ந்தது. நாலு.

ஒன்றும் வரவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. பதினைந்து பேரும் சேர்ந்து கதவைச் சாத்தினார்கள். டெல்மர் பியானோவிலிருந்து திரும்பி முறைத்தார், கை மட்டும் நிற்கவில்லை. ஜனத்துக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ "அடப்பாவி, சரியா வாசிச்சுட்டான்டா!" என்று கத்த, கூரை போயிற்று. பாட்டு நின்றதிலிருந்தே கையுறையை வாயில் அடைத்திருந்த வெர்லீன் அத்தை அப்படியே அழுதார்.

நான் ஏன் ஹாரனை அமுக்கவில்லை என்று தெருப் பயல்கள் கேட்டார்கள். கை மரத்துப்போய்விட்டது. அதுதான் காரணம். மற்றபடி, அந்தக் கிழவர் ஊதினால் என்ன, ஊதாவிட்டால் எனக்கென்ன? அந்த எட்டுத் தட்டில் நான் கையும் அசைக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. வேண்டுமானால் ரெக்கார்டைப் போட்டுப் பாருங்கள்.

இதுவரை எழுதியதை நேற்று மாமா வீட்டுச் சமையலறையில் அவருக்கே வாசித்துக் காட்டினேன். அத்தை சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் சாப்பிடத்தான் போனேன், வாசித்தது கூலி. எரிகோ வரும்போது சிரித்தார். கல்யாணம் வரும்போது அத்தை சிரித்தார். கடைசி வரியில் மாமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாய் திறக்கலன்னா எழுதியிருக்க?"

"ஆமா."

"போட்டுப் பாக்கச் சொல்லியிருக்க?"

"அது... சும்மா எழுத்துக்கு மாமா."

ரெக்கார்டு அன்று காலைதான் தபாலில் வந்திருந்தது. அவர் ஊசியை வைத்தார். வீடு பற்றிக்கொண்டது. பிறகு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தட்டில், துல்லியமாக, ஒரு எலிக்குட்டிக் குரல், அழுகிற மாதிரி:

"வேண்டாம் மாமா, இருங்க, இருங்க..."

கதவு சாத்தியாயிற்று.

"அது வெர்லீன் அத்தை" என்றேன்.

"நான் வாயில கையுறைய அடைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அத்தை. "நீயே எழுதியிருக்க."

மாமா ஊசியைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மறுபடி வைத்தார். "முப்பத்தெட்டுல நான் நுழைஞ்ச அதே தட்டு" என்றார். பேருந்து ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவர் இவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. "இப்ப சொல்லு. யாருடி முந்திரிக்கொட்டை?"