யாரோ பார்த்துவிட்டுப் போன எபிசோட்

வடக்குப்பட்டில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீடு மாடியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே துணி காயப்போட கொஞ்சம் மொட்டை மாடி. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். நானும் என் கணவரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனி. எனக்கு எப்போதும் முதல் ஷிப்ட், அவருக்கு இரண்டாவது. என் கம்பெனி பஸ் என்னைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது அவருடைய பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். மாலை நேரம் முழுக்க எனக்குப் பேச்சுத் துணை அந்தச் சுவரில் மாட்டியிருந்த டிவிதான்.

டிவி வீட்டோடு வந்தது. அதன் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக் செருகியிருந்தது. "அது முன்ன இருந்தவங்க உட்டுட்டுப் போனதுமா. படம் நாடகம் எல்லாம் அதுலயே வருது. வோணும்னா வச்சுக்கோ" என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். முன்னால் இருந்தவர் எங்கே போனார் என்று நான் கேட்டேன். "ஊருக்குப் பூட்டாரு" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கும் தோன்றவில்லை. இங்கே யாரும் ஓர் இடத்தில் நிலைத்து இருப்பதில்லை. கான்ட்ராக்ட் முடிந்தால் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

அதில் இருந்த படம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் நேராக ஒரு புரொஃபைல் வந்து நிற்கும். சிரிக்கிற ஆந்தை படம். அதன் கீழே 'ரூம்' என்று பெயர். வைஃபையோடு சேர்த்துக் கொடுக்கிற கணக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அதில் ஒரு குடும்பத் தொடர் பாதியில் நின்றிருந்தது. ஒரு வீடு, நான்கு மருமகள்கள், தீராத வழக்கு. முதலிலிருந்து தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு, நின்ற இடத்திலிருந்தே நான் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு நாளில் கதை பிடிபட்டுவிட்டது.

பிறகுதான் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருவேன். கொஞ்ச நேரம் ஓடும். திடீரென்று படம் உறைந்துபோகும், திரை கறுப்பாகும், எண்ணும் எழுத்துமாக ஒரு பிழைக் குறி வந்துவிட்டு ஆப் மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். என் கண்ணுக்கு நேரே யாரோ என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

எனக்குக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே ஒவ்வொரு பாகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். ஒரு பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே படித்த பாடம். அதையே வீட்டிலும் செய்தேன். ஸ்டிக்கைப் பிடுங்கி ஆறவிட்டுச் செருகினேன். செட்டிங்ஸுக்குள் போய்த் தேங்கிக் கிடந்த குப்பையை அழித்தேன். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். ஆப்பையே எடுத்துவிட்டு மறுபடி இறக்கினேன். அது சுத்தமாகப் புதிதாக வந்தது. வந்ததும் யாரையும் கேட்காமல் அந்த ஆந்தையையும் 'ரூம்' என்ற பெயரையும் காட்டியது.

அதுவாவது பரவாயில்லை. நான் விட்ட எபிசோடில் தொடர் நிற்கவில்லை.

முதல் தடவை நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேன் என்று விட்டுவிட்டேன். மூத்த மருமகள் கோர்ட்டுக்குக் கிளம்புகிற இடத்தில் நிறுத்தியது நன்றாக நினைவிருந்தது. மறுநாள் பார்த்தால் அவள் கோர்ட்டிலிருந்து அழுதுகொண்டே திரும்பி வருகிறாள். நடுவில் ஒரு எபிசோட் முழுசாக ஓடி முடிந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை என் கணவரிடம் கேட்டேன்.

"என் நாடகத்தப் பகல்ல நீங்க பாக்கியளா?"

"எனக்கு வேற சோலி இல்லையா? நான் முழிக்கதே மத்தியானம்" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்த நான்கு மருமகள்களில் ஒருத்தியைக்கூட அவருக்கு அடையாளம் தெரியாது.

ஒரு நாள் இன்னும் விசித்திரமாக, தொடர் பின்னால் போயிருந்தது. நான் வருவதற்கு முந்தைய பழைய எபிசோட். கடைசி மருமகளின் புருஷன் துபாயிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நிற்கிறான். அவள் கையில் இருந்த சொம்பு கீழே விழுகிறது. அந்த இடத்தில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தது. ஆப்தான் குழம்பியிருக்கிறது என்று நினைத்து அந்த எபிசோடை முழுவதும் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு யாரோ எடுத்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. "இதைப் பார்" என்று.

அதன் பிறகு மாலைகள் மாறிவிட்டன. நான்கு மணி வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரை நீண்டு கிடக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. எல்லாரும் ஏதோ ஒரு ஷிப்டில் இருப்பார்கள், அல்லது ஷிப்ட் முடிந்து தூங்குவார்கள். தூரத்தில் லாரிகள் பின்னால் வருகிற பீப் சத்தம் மட்டும் விடாமல் கேட்கும். பூட்டைத் திறந்து உள்ளே போகும்போது, சற்று முன்புதான் யாரோ எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும். கட்டில் விரிப்பைத் தொட்டுப் பார்ப்பேன். டிவியின் பின்பக்கம் சூடாக இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருக்காது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்கார அம்மாவிடம் வேறு சாவி யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். "யார் வரப்போறாங்க? நான் வாசல்லயேதான குந்திக்கினு கீறேன்" என்றார். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பும்போது ஸ்டிக்கைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். கம்பெனிக்குள் பென் டிரைவ் மாதிரி எதையும் கொண்டுபோக விட மாட்டார்கள். வாசலில் செக்யூரிட்டி அதை வாங்கி ஒரு கவரில் போட்டு வைத்தார். ஷிப்ட் முழுவதும் அது அந்தக் கவருக்குள்தான் கிடந்தது. சாயங்காலம் வாங்கிவந்து செருகினேன். ஆப் திறந்தது. ஆந்தை சிரித்தது. தொடர் ஒரு எபிசோட் முன்னால் போயிருந்தது.

நான் ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். அறைக்குள் யாரும் வரவில்லை, ஸ்டிக்கிலும் ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத் தெளிவாகிவிட்டது. அப்படியென்றால் அந்தக் கணக்குக்குள்தான் யாரோ இருக்கிறார்கள். நிம்மதி வர வேண்டிய இடம். வரவில்லை.

உள்ளே வந்து செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எந்தெந்தக் கருவியில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டுகிற பக்கம் எங்கோ அடியில் இருந்தது. ஒன்று எங்கள் டிவி. இன்னொன்று ஒரு ஃபோன். கடைசியாகப் பயன்படுத்தியது 'இன்று' என்று போட்டிருந்தது. கீழே, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற ஒரு பொத்தான். அதை அழுத்தினேன்.

ஆந்தை மறைந்தது. மறுபடி உள்ளே வர வேண்டுமா என்று திரை கேட்டது. நடுவில் நட்சத்திரக் குறிகள் போட்டு ஒரு ஃபோன் நம்பரின் தலையையும் வாலையும் காட்டி, இந்த நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பட்டுமா என்றது. யாருடைய நம்பர் என்று தெரியாது. ஆனாலும் கை தானாக 'ஆம்' என்பதை அழுத்திவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றார். முழங்கால் வலி என்று மாடிக்கே ஏறாதவர். கையில் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

"இன்னாமா பண்ண நீ?" என்றார். "அந்தப் பையன் நம்பர்லர்ந்து கூப்டுதும்மா."

"எந்தப் பையன்?"

"முன்ன இங்க இருந்தானே, அவன்தான்."

"ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னீங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "செத்துட்டாம்மா. இங்கதான். ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தவன் எழுந்துக்கல. டாக்டரு மாரடைப்புன்னாங்க. கதவ ஒடச்சிக்கினு உள்ள வந்தா டிவி மட்டும் எரிஞ்சிக்கினு கீது. இன்னும் பாக்கறீங்களான்னு அதுல எழுதிக்கினு நிக்குது. சொன்னா யார் குடிவருவாங்கன்னு நான் சொல்லல. எனக்கு எடுக்க பயமா கீது. நீ பேசு."

ஃபோன் ஒருமுறை அடங்கி மறுபடி அடித்தது. திரையில் 'மேல் வூடு தம்பி' என்று இருந்தது. நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மிகவும் மெதுவாக, "ஏங்க?" என்றது.

அந்த ஒரு சொல்லை அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, நீங்கதான?" என்றாள் மறுபடி.

"இல்லம்மா" என்றேன். "நான் இந்த வீட்டுல புதுசா குடிவந்திருக்கேன்."

அப்புறம் அவள் கேட்டாள். "அப்போ நாடகம் பாத்ததெல்லாம் நீங்களாக்கா?"

அவள் தென்காசிப் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சுக்கு அடுத்த வீட்டுப் பேச்சு. இறந்துபோன கணவருடைய ஃபோனையும் நம்பரையும் அவள்தான் வைத்திருந்தாள். அவர் உயிரோடு இருந்தபோது, ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் இருவரும் ஒரே கணக்கில் அந்தத் தொடரைப் பார்ப்பார்களாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடாது என்பதால், ஒருவர் பார்த்து முடித்ததும் மற்றவர். பிறகு ஃபோனில் மருமகள்களைத் திட்டிக்கொள்வார்கள்.

"அவுக போன பொறவும் நா விடலக்கா. பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ஒண்ணு பாப்பேன். மனசு கேக்காத அன்னைக்கு நாலு மணிக்கும் போடுவேன். அவுக ரூமுக்கு வார நேரம்லா. ஒரு நா பாத்தா நா விட்ட எடத்துல இல்ல. முன்ன போயிருக்கு. ரூம் டிவில ஓடுதுன்னு காட்டுது. நாலு மணிக்கு நா போட்டா என்னைய வெளிய தள்ளுது. அவுகதான் பாக்காகன்னு நெனச்சேன்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவுகளுக்குப் பிடிச்ச எடம் ஒண்ணு உண்டு. புருசன் துபாய்லருந்து வந்து நிப்பான். நீங்கதானான்னு கேக்குததுக்காக அதக் கொண்டுபோய் வச்சேன். மறுநா பாத்தா முழுசாப் பாத்திருக்கு." அவள் குரல் அங்கே உடைந்தது. "நா யார்ட்டயும் சொல்லலக்கா. பைத்தியம்னு சொல்லுவாகன்னு. இன்னைக்கு ஓ.டி.பி. வரவும் மனசு கேக்காம வீட்டுக்காரம்மா நம்பருக்குப் போட்டுட்டேன்."

இத்தனை நாளும் இந்த அறையில் யாரோ இருப்பதாக நான் பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அந்த யாரோ நானாக இருந்திருக்கிறேன். அவள் எழுப்பிய கேள்விக்கு நான் காபி குடித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவளிடம், "இனிமே இதுல நான் பாக்க மாட்டேன். அது உங்களுது. நீங்க உங்க ஃபோன்ல மட்டும் போட்டுக்கோங்க" என்றேன். அவள் சரி என்றாள். ஓ.டி.பி.யை எனக்கு வாசித்துக் காட்ட வந்தாள். வேண்டாம் என்றேன். திரையில் அந்தப் பாதி நம்பர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறைந்தது.

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செத்துப்போனவர் படுத்த அறை என்றதும் வேறு வீடு பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டும் இருந்தோம். இரண்டு பேருடைய பஸ்ஸும் நிற்கிற இடமாக எதுவும் அமையவில்லை. ஸ்டிக்கைக் கழற்றி, துணி சுற்றி, பரணில் வைத்துவிட்டேன். மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவேன். பயம் மெல்ல மெல்லக் குறைந்தது.

பிறகு ஒரு நாள் என் நம்பருக்கே அவள் கூப்பிட்டாள். வீட்டுக்கார அம்மாவிடம் வாங்கினாளாம்.

"அக்கா, கோவிச்சுக்காதிய. நேத்து நீங்க பாத்தியளா?"

"இல்லையேம்மா. நான் அதக் கழட்டியே வச்சுட்டேன்."

"வீட்ல அண்ணன் பாத்தாகளா?"

"அவருக்கு அதெல்லாம் தெரியாது. ஏன்?"

"நா விட்ட எடத்துல இல்ல. ஒண்ணு தள்ளிப் போயிருக்கு."

எனக்கு உடனே தோன்றியது இதுதான்: ஒரு எபிசோட் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அவள் ஃபோனைப் பிடித்தபடியே அசந்து தூங்கியிருப்பாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "இல்லம்மா, சில நேரம் அது..." என்று ஆரம்பிப்பதற்குள் அவள் அவசரமாக, "சரிக்கா, சரிக்கா. நீங்க பாக்கலல்லா, அது போதும். வச்சிருதேன்" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. பல நாள் கழித்து வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்கவைத்துவிட்டு என்னிடம் பேச வந்தவள் போல ஒரு பரபரப்பு இருந்தது.

திரும்பக் கூப்பிட்டு விளக்கம் சொல்லலாம் என்று ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. அவளும் அதன் பிறகு கூப்பிடவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் எங்களுக்கு மெயின் ரோட்டோரம் ஒரு வீடு கிடைத்தது. போகிற அன்று வீட்டுக்கார அம்மா, அடுத்து வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாக என்னிடம் தானாகவே சொன்னார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அந்த மாடி ஜன்னலில் இப்போது வேறு யாருடைய சீருடையோ காய்கிறது. பஸ் அந்தத் தெருமுனையைத் தாண்டும்போது பார்ப்பேன்.